தேங்காய் இரண்டு

2025 நவம்பர் மாதம் ஒரு நாள் காலையில், அந்த ஆண்டு அக்டோபருக்கான சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்றும், 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில் இதுவரை இவ்வளவு குறைந்ததில்லை என்றும் செய்தித்தாளில் படித்தேன். அன்று மாலையே மாத மளிகை வாங்கக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது கட்டைப் பை சென்ற மாதத்தைவிடச் சற்று இலேசாக இருந்தது. கொடுத்த பணத்தில் மட்டும் மாற்றம் எதுவும் இல்லை.

செய்தியில் பிழை இல்லை என்பது எனக்குத் தெரியும். பணவீக்கம் என்பது சென்ற ஆண்டு இதே மாதத்து விலையோடு இந்த மாதத்து விலையை ஒப்பிட்டுச் சொல்லும் வேகம். 2024 அக்டோபரில் காய்கறி விலை தாறுமாறாக ஏறி, அந்த மாதப் பணவீக்கம் ஆறு சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த உயரத்தின் மேல் நின்று பார்த்தால் இப்போதைய விலை ஏறவில்லை என்றுதான் தெரியும். ஏறிய விலை இறங்கிவிட்டதாக அந்த எண் எங்கும் சொல்லவில்லை. நாம்தான் அப்படிப் படித்துக்கொள்கிறோம்.

எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டுகளைத் தூக்கி எறியும் வழக்கமில்லை. கோயம்புத்தூருக்குக் குடிவந்த நாளிலிருந்து அம்மா ஒரு நீளமான கணக்கு நோட்டில் மாதந்தோறும் வாங்கியதை எழுதி, கடைக்காரர் கொடுத்த சீட்டையும் அதே பக்கத்தில் ஒட்டி வைத்து வருகிறார். அன்றிரவு அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். எல்லாப் பொருளும் ஒரே சீராக ஏறிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல அந்த நோட்டு இடம் தரவில்லை. 2015 அக்டோபர்ப் பக்கத்தில் துவரம்பருப்பு அரைக் கிலோ 95 ரூபாய் என்று எழுதி, அதன் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்து, நாடு முழுவதும் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்ட காலம் அது. அதன் பிறகுதான் மொசாம்பிக்கிலிருந்து துவரை வாங்க அரசு ஒப்பந்தம் போட்டது. பத்து ஆண்டுகள் கழித்து 2025 நவம்பரில் நான் கிலோ 125 ரூபாய்க்கு வாங்கி வந்திருக்கிறேன். பருப்பைப் பொறுத்தவரை நான் குறை சொல்வதற்கில்லை.

நோட்டில் வேறொன்று என் கண்ணில் பட்டது. விலை எழுதிய வலப்பக்க வரிசையை விட்டுவிட்டு, அளவு எழுதிய நடு வரிசையை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நல்லெண்ணெய் இரண்டு லிட்டர் ஒன்றரையாகி, பிறகு ஒன்றாகியிருக்கிறது. முந்திரி 100 கிராம் என்பது 50 ஆகி, பிறகு பண்டிகை மாதங்களில் மட்டும் தலைகாட்டுகிறது. தேங்காய் 10 என்று ஆண்டுக்கணக்கில் அச்சடித்தாற்போல இருந்த வரி, 2025 தொடக்கத்தில் 6 ஆகி, ஆடி மாதத்துச் சீட்டில் 2 என்று நிற்கிறது. மொத்தத் தொகை பெரிதாக உயராமல் அம்மாவும் என் மனைவியும் பார்த்துக்கொண்டது இப்படித்தான். அதை அவர்கள் ஒருநாளும் ஒரு செய்தியாக என்னிடம் சொன்னதில்லை.

கொங்கு நாட்டில் தேங்காயைக் குறைத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. காலையில் இட்லிக்குச் சட்னி, மதியம் பொரியலுக்குத் துருவல், குழம்பில் அரைத்து ஊற்றுவது என்று எதை எடுத்தாலும் அதில் தேங்காய் இருக்கும். முன்பு தெருவில் வண்டிக்காரர் எண்ணிப் போடுவார், அம்மா ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்து வாங்குவார். இப்போது கடையில் தராசில் வைத்து எடைக்குத்தான் தருகிறார்கள். உள்ளே தளும்பும் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோமே என்ற எரிச்சல் அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை. 2024 தொடக்கத்தில் லிட்டர் 220 ரூபாய்க்கு வாங்கிய செக்குத் தேங்காயெண்ணெயை 2025 ஆகஸ்டில் 460 ரூபாய்க்கு வாங்கியதாக நோட்டு சொல்கிறது. பதினெட்டு மாதங்களில் ஒரு பொருளின் விலை இரட்டிப்பாவதை நான் அதற்கு முன்பு இந்த நோட்டில் பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்று பொள்ளாச்சிப் பக்கம் அறுபது மரம் வைத்திருக்கும் என் தாய்மாமாவிடம் கேட்டேன். தென்னையின் கணக்கு நெல்லின் கணக்கைப் போன்றதில்லை என்று அவர் நெடுநேரம் விளக்கினார். பாளை வெடித்து வெளியே வந்ததிலிருந்து காய் முற்றுவதற்கே ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். அந்தப் பாளை மரத்தின் குருத்துக்குள் உருவாகத் தொடங்குவது அதற்கும் வெகுகாலம் முன்பு. அதனால் 2023-இல் மழை குறைந்ததும் 2024 கோடையில் வெயில் கொளுத்தியதும் அந்தந்த ஆண்டில் பெரிதாகத் தெரியாமல், 2025-இல் காய்ப்புக் குறைவாக வந்து விடிந்தன. 2016-இல் முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட சுருள் வெள்ளை ஈ ஓலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிறது, அது கசியவிடும் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் படர்ந்து ஓலையே கறுத்துப் போகிறது. இது போதாதென்று கேரளா வாடல் நோயும் சேர்ந்து, காய்ப்பு விட்டுப்போன மரங்களை வெட்டிச் சாய்க்கும் நிலை வந்துவிட்டது. மிச்சமிருப்பதிலும் ஒரு பங்கு இளநீராக வெட்டப்பட்டு வெளிமாநிலங்களுக்கு லாரி ஏறிவிடுகிறது. இளநீராக இறங்கிய குலை தேங்காயாக நம் வீட்டுக்கு வரப்போவதில்லை.

அப்படியானால் உங்களுக்கு நல்ல காலம்தானே என்று நான் கேட்டதற்கு, மாமா சிரித்தார். "விலை இருக்கறப்ப காய் இல்லை, காய் இருக்கறப்ப விலை இல்லை மாப்ளே" என்றார். அவர் சொன்னதில் மிகையில்லை. 2023-இல் கொப்பரை, அரசு அறிவித்த ஆதரவு விலையான கிலோ 108 ரூபாய் 60 காசுக்கும் கீழே கிடந்தது. பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயை ரேஷனில் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் போராடினார்கள். இரண்டே ஆண்டுகளில் அதே கொப்பரை 200 ரூபாயைத் தாண்டியது. அப்போது மாமாவின் தோட்டத்தில் ஒரு வெட்டுக்கு இறங்கிய காய், பழைய கணக்கில் பாதிகூட இல்லை. ரேஷன் கடையிலோ இன்றும் அட்டைக்கு ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. தேங்காயெண்ணெய்க் கோரிக்கையை மாமா இப்போது பேசுவதில்லை, ஏனென்று நானும் கேட்கவில்லை. அட்டையில் கிடைக்கும் அந்தப் பாமாயிலை வாங்கி வருவதற்கு நான் ஒரு காலத்தில் சோம்பல்பட்டதுண்டு. இப்போது வரிசையில் நிற்கிறேன்.

தேங்காயாவது தன் விலையை நேராகச் சொல்லிவிடுகிறது. பாக்கெட் பொருட்கள் அவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை. அம்மா பிஸ்கட் போட்டு வைக்கும் எவர்சில்வர் டப்பா ஒன்று வீட்டில் இருக்கிறது. பத்து ரூபாய்ப் பாக்கெட் மூன்றைப் பிரித்து அடுக்கினால் முன்பு மூடி அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கும். இப்போது அதே மூன்றை அடுக்கினால் மேலே நான்கு விரற்கடை இடம் காலியாகக் கிடக்கிறது. விலை அதே பத்து ரூபாய்தான். சமையல் எண்ணெயிலும் இதே கூத்து. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். ஒரு லிட்டர் என்று நினைத்து நான் பழக்கதோஷத்தில் எடுத்து வந்த பாக்கெட்டின் பின்புறம், சின்ன எழுத்தில் 850 கிராம் என்று இருந்தது. குறிப்பிட்ட சில பொருட்களை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று எடையளவு விதிகளில் முன்பு ஓர் அட்டவணை இருந்தது. 2021-இல் அறிவித்த திருத்தத்தின் வழியாக அதை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாக ஒரு கிராமுக்கோ மில்லி லிட்டருக்கோ என்ன விலை என்பதைப் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று வைத்தார்கள். அந்த அலகு விலையை நான் இப்போது தேடிப் படிக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோனால் தெரிகிறது.

அரிசிக் கதை இன்னும் வேடிக்கையானது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைகளுக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. விதித்தார்கள். சில வாரங்களுக்குள்ளாகவே எங்கள் கடையில் 26 கிலோ சிப்பம் வந்து நின்றது. வரிக்குத் தப்பிய அந்த ஒரு கிலோ, எங்கள் வீட்டு அரிசி டிரம்மில் கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் தனியாக ஒரு தூக்குப்போசியில் உட்கார்ந்திருக்கிறது.

வரி குறைந்ததையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 5 ஆகவும், நெய்க்கு 12-ஆக இருந்தது 5 ஆகவும் இறங்கின. அக்டோபர்ச் சீட்டில் சோப்பிலும் பற்பசையிலும் அது தெரிந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கள் சீட்டில் பெரும்பகுதி உதிரியாக வாங்கும் பருப்பு, காய்கறி, தேங்காய், பால் என்று முன்பே வரி இல்லாத பொருட்கள். இல்லாத வரியைக் குறைக்க முடியாது அல்லவா?

இப்போதெல்லாம் சட்னியில் பொட்டுக்கடலை தூக்கலாக இருக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. உடைத்த தேங்காயின் ஒரு மூடி குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாட்கள் வரை தாங்குகிறது.

தீபாவளிக்கு மாமா வந்தபோது எட்டுக் காய்களை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் சாக்கில் கட்டிப் பேருந்தின் மேலே போட்டு அனுப்புவார். பையைக் கொடுக்கும்போது, "இவ்வளவுதான் அக்கா கொண்டாற முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அம்மா அன்றே இரண்டை உடைத்துத் துருவி ஒப்புட்டுக்குப் பூரணம் கிண்டினார். நோட்டில் அக்டோபர்ப் பக்கத்தை எழுதும்போது, தேங்காய் 8 என்று அளவைப் போட்டுவிட்டு, விலைக்கு நேரே என்ன எழுதுவது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.