வள்ளமும் ஒரு சொத்தா?

தங்கச்சிமடத்தில் மதினிக்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகை கேட்டு இ-சேவை மையத்தில் பதிந்தோம். விசாரணைக்கு வந்த விஏஓ, வாசலில் கவிழ்ந்து கிடந்த வள்ளத்தையே பார்த்தார். "இது யார் பேர்ல?" பாசி எடுத்துப் பிழைக்கும் மதினி விடவில்லை: "அண்ணே, ஓட்டை வள்ளம். எழுதுறதா இருந்தா கடனையும் சேத்து எழுதுங்க." அவரே சிரித்துவிட்டார்.

2023-இல்தான் மாதம் ஆயிரம் 1,200 ஆனது. மத்தியத் திட்டமென்றால் 40 வயதாகியிருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதில் டெல்லியின் பங்கு வெறும் 300. மறுமணம் செய்தால் பணம் நின்றுவிடும் (பெண்களிடம் கேட்டா எழுதினார்கள்?).

அண்ணன் கரையில் செத்ததால் இறப்புச் சான்று சுலபம். கடலில் காணாமல் போனால், பொதுவாக ஏழு வருஷம் தகவலே இல்லாமல் இருந்தால்தான் சட்டம் இறந்தவராகக் கருதும். பக்கத்து வீட்டு அக்கா அதில்தான் மாட்டிக்கொண்டார். மனுவே போட முடியவில்லை.