ஓநாய்ப் பூனைக்குச் சொறி இல்லை

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு பூனையின் படத்தை அனுப்பி "ஐயோ பாவம், சொறி பிடிச்சிருக்கா?" என்று கேட்டிருந்தார். கண்ணைச் சுற்றி முடியே இல்லை, மூக்கு ரப்பர் மாதிரி வழவழவென்று இருக்கிறது, உடம்பில் கறுப்பும் வெள்ளையும் கலந்த பரட்டை முடி, அதுவும் அங்கங்கே திட்டுத் திட்டாக. சொறியெல்லாம் இல்லை, அது லைகோய் என்கிற இனம் என்று பதில் போட்டேன். கிரேக்க மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

பாவப்பட்டதில் தப்பில்லை. 2010 வாக்கில் அமெரிக்காவில் வர்ஜீனியா, டென்னசி மாநிலங்களில் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத தெருப்பூனைகள் இப்படிக் குட்டி போட்டபோது, அவற்றை எடுத்து வளர்த்த கால்நடை மருத்துவர் ஜானி காபிளும் முதலில் நோயா என்றுதான் பார்த்தார். தொற்று இருக்கிறதா என்று சோதனை, இதயத்துக்கு ஸ்கேன், தோலில் துளி எடுத்து ஆய்வு, முடியில்லாத ஸ்பிங்க்ஸ் பூனையின் மரபணுதானா என்று டிஎன்ஏ சோதனை. அதுவும் இல்லை. தோலைப் பார்த்ததில், சில மயிர்க்கால்களில் முடி முளைக்கத் தேவையான பாகங்களே சரியாக அமையவில்லை, மற்றவற்றில் முளைத்த முடி தங்கவில்லை என்று தெரிந்தது. அதனால்தான் இந்தப் பூனைகளுக்கு முடி கொட்டும், திரும்ப வரும், சில நேரம் கிட்டத்தட்ட மொட்டையாகவே நிற்கும்.

2020-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் லெஸ்லி லயன்ஸ் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எச்ஆர் என்ற மரபணு, உதிர்ந்த முடியை மறுபடி முளைக்க வைக்கும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. மனிதர்களில் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வரும் இதே மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால், குழந்தைக்குப் பிறவி முடி கொட்டியபின் மறுபடி வளராது. எனக்கு ஆச்சரியம் இதில் இல்லை. வெவ்வேறு வம்சத்து லைகோய்களில் ஒரே மரபணுவில் ஆறு வெவ்வேறு பழுதுகள் இருந்தன என்பதுதான் ஆச்சரியம். அதாவது ஒரே பூனையிலிருந்து பரவியதல்ல, ஆறு இடத்தில் தனித்தனியாக நடந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், புது இனம் என்றாலே பெரும்பாலும் ஒரு விசித்திரப் பூனை, அதன் குட்டிகள், அப்புறம் அண்ணன் தங்கை, அப்பா மகள் என்று உள்ளுக்குள்ளேயே இனப்பெருக்கம். முடியோடு சேர்ந்து அந்த முதல் பூனையின் மறைந்திருந்த கோளாறுகளும் எல்லாக் குட்டிகளுக்கும் போய்ச் சேரும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. தாயிடமிருந்து ஒரு வகைப் பழுதும் தகப்பனிடமிருந்து வேறு வகைப் பழுதும் வந்தாலும் குட்டி லைகோய்தான், ஏனென்றால் நல்ல பிரதி ஒன்றுகூட இல்லை. சொந்தமில்லாத இரண்டு வம்சத்தைச் சேர்க்கலாம். சாதாரணக் கறுப்புப் பூனையோடும் சேர்க்கிறார்கள், அதில் பிறக்கும் குட்டிகள் பார்வைக்குச் சாதாரணமாக இருந்தாலும் பழுதான பிரதி ஒன்றைச் சுமந்திருக்கும்.

சரி, அப்படியானால் கவலையே இல்லையா? இருக்கிறது. இவற்றின் தோலை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வில் மயிர்க்கால் சுவரில் வெள்ளணுக்கள் கூடி லேசான அழற்சி இருந்தது தெரியவந்தது. குளிர் தாங்காது, வெயிலில் தோல் கருக்கும். இதைவிடப் பெரிய விஷயம், இது மிகப் புது இனம் என்பது. டிக்கா என்ற பூனைச் சங்கம் 2012-ல்தான் இதைப் பதிவுக்கே எடுத்தது. இதயத் தசை தடிக்கும் நோய் பூனைகளில் பெரும்பாலும் வளர்ந்தபிறகுதான் தலைகாட்டும், ஒரு வயதுக் குட்டியின் ஸ்கேன் சுத்தமாக இருந்ததென்பது பெரிய சான்றிதழ் இல்லை. மெயின் கூன் எவ்வளவு பழைய இனம், அதில் அந்த நோய்க்கான மரபணு மாற்றம் ஒன்றைக் கண்டுபிடித்ததே 2005-ல்தான்.

"இயற்கையாக வந்த மாற்றம்தானே" என்று விற்பவர்கள் சொல்லும் சமாதானம்தான் எனக்கு எரிச்சல். ஸ்காட்டிஷ் ஃபோல்டும் இயற்கையாக வந்ததுதான். 1961-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் கண்ட சூசி என்ற பூனை, காது மடங்கி ஆந்தை முகம், உலகமே கொஞ்சியது. அந்தக் காது மடங்குவதே குருத்தெலும்பு கெட்டிருப்பதால். குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? மூட்டிலும் வாலிலும் அதேதான். பழுதான பிரதி ஒன்றே ஒன்று இருந்தாலும் மூட்டு கெடும், இரண்டு இருந்தால் இளம் வயதிலேயே நடக்க முடியாமல் போகும். நெதர்லாந்தில் 2014-லேயே அந்த இனப்பெருக்கத்தைத் தடை செய்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நண்பருக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். அவர் பழைய உரையாடலைத் தேடிப் பார்த்திருப்பார் போல. மூன்று மாதத்துக்கு முன் மடங்கிய காதுப் பூனை ஒன்றின் படத்தைப் போட்டு, ஏழு இதயக் குறிகளோடு "இதை வாங்கப் போறேன்" என்று எழுதியிருந்தது அவர்தான். "அது சின்னக் குட்டி, நல்லாத்தான் ஓடியாடிச்சு" என்றார். வாலை மெதுவாகத் தூக்கி வளைத்துப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.