புரோநோட்டின் பின்பக்கம்

கடனுக்கு எழுதி வாங்கிய புரோநோட்டை வைத்து வழக்குப் போட 3 வருடம்தான் கெடு, அது தாண்டிவிட்டது என்று சொல்லி முன்சீப் கோர்ட்டில் என் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். கொடுத்தது 1,80,000 ரூபாய். தையல் மெஷினில் உட்கார்ந்து சேர்த்த பணம். மறுபடி வக்கீல் வைக்க வழியில்லை. அப்பீலை நானே போட்டேன்.

முதலில் தீர்ப்பு, அதன் முடிவை உத்தரவாக எழுதிய தீர்ப்பாணை இரண்டுக்கும் நகல் மனு. மேல்கோர்ட்டான சப்-கோர்ட்டில் அப்பீல் போட 30 நாள்தான். ஆனால் நகல் தயாராகப் பிடிக்கிற நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். நகலில் குத்தியிருக்கும் முத்திரையில் மனு கொடுத்த தேதி, தயாரான தேதி எல்லாம் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து காலண்டரில் மூன்று தடவை எண்ணினேன்.

அப்புறம் காரணங்கள். முதலில் எழுதியதில் நாலு பக்கமும் என் மனக்குறைதான். அத்தனையையும் அடித்தேன். தீர்ப்பில் எங்கே தவறு என்பதுதானே மேல்கோர்ட்டுக்கு வேண்டும்? புரோநோட்டின் பின்பக்கத்தில் நீல மையில் ‘வரவு ரூ.5,000’, தேதி, கீழே கடன் வாங்கியவரின் கையெழுத்து. கெடு முடியும் முன்பே அவர் திருப்பிக் கொடுத்த பணம் அது. காலவரையறைச் சட்டம் 19-வது பிரிவுப்படி அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்குகிறது. தீர்ப்பில் இந்த வரவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதையே முதல் காரணமாக வைத்தேன்.

“வக்கீல் இல்லையாம்மா?” என்று நீதிபதி கேட்டார். “இல்லைங்க ஐயா, பின்பக்கத்தை மட்டும் பாருங்க” என்றேன். திருப்பிப் பார்த்தார். சரி, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.