பதினாறுக்குப் பத்து

“சார், நான் பிரதமருக்கில்ல எழுதினேன், நீங்க ஏன் பேசுறீங்க?” போனில் அந்த அம்மா கேட்டது இதுதான். ரேஷன் கடையில் இரண்டு மாதமாகத் துவரம்பருப்பு இல்லை, முதல் வாரம் போனால் ‘லோடு வரல’, கடைசி வாரம் போனால் ‘முடிஞ்சிருச்சு’ என்று எழுதியிருந்தார்.

டெல்லிக்குப் போகும் கடிதம் மத்திய குறைதீர் இணையதளத்தில் பதிவு எண் வாங்கிக்கொண்டு, மாநிலம், மாவட்டம் என்று இறங்கி, கடைசியில் அந்தக் கடையைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கே வந்து சேர்கிறது. முடித்துவைக்க 21 நாள். இத்தனைக்கும் டெல்லி ஒதுக்குவது முக்கியமாக அரிசியும் கோதுமையும்தான். 30 ரூபாய்ப் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் மாநிலத்தின் சிறப்புத் திட்டம். குழம்பு வைக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

கடையில் 800 கார்டு. கார்டுக்கு ஒரு கிலோ என்றால் 50 கிலோ மூட்டை 16 வேண்டும். இறங்கியது 10. ஐந்நூறு பேருக்குப் பின் வருகிறவர் வெறும் பையோடுதான் திரும்பணும். விற்பனையாளரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் முடிந்தால் பில் போடும் கருவியில் அந்த மாத உரிமையும் போய்விடும். 2024 மே தட்டுப்பாட்டின்போது, மே மாதப் பருப்பை ஜூனில் வாங்கலாம் என அரசே அறிவித்தது. அப்படி உத்தரவு இல்லாத மாதத்தில் வழியில்லை.

அறிக்கையில் நான் எழுதியது: ‘ஒதுக்கீட்டின்படி பொருட்கள் வழங்கப்பட்டு வருகின்றன.’ இதில் பொய் இல்லை. ஒதுக்கீடே 10 மூட்டைதான். ‘16-க்கு 10’ என்று எழுதியிருந்தால் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்திருக்கும், கெடு தாண்டியிருக்கும். ஆனால் மேலே இருப்பவர்கள் கண்ணில் படும் இடத்தில் அந்த எண் ஒருமுறையாவது நின்றிருக்கும். அதற்குத்தானே அவர் தபால்தலை ஒட்டினார்?

அந்த அம்மாவுக்கு ஒரு கிலோ எடுத்துவைக்கச் சொன்னேன், வாங்கிக்கொண்டார். மனு முடிந்தது. அந்த ஒரு கிலோ, வரிசையில் நின்ற இன்னொருவருடையது என்பது எனக்கு அப்போதே தெரியும். கடிதம் எழுதியவருக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அது சரியா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

போனில் நான் சொன்ன பதில், “எல்லாம் எங்ககிட்டதாம்மா வரும்.” உண்மைதான், ஆனாலும் சொல்லியிருக்க வேண்டாம். அடுத்த மாத லோடும் பத்து மூட்டை. அவரிடமிருந்து கடிதம் வரவில்லை.