கூரைக்குத் தனி விலை

கூரை உள்ள காரைவிடக் கூரை இல்லாத காருக்கு விலை கூட என்பதை எங்கள் மாமிக்கு விளங்கப்படுத்த ஒருவராலும் முடியவில்லை. "கூரை போடாத வீட்டை எவனாவது முழு விலைக்கு வாங்குவானோ?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டா.

மகன், அதாவது என் மச்சான், வேறு கணக்கில் இருந்தான். கிளிநொச்சிப் பக்கம் கலியாணங்களுக்குப் பழைய கார்களைப் பூக்கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். மூடின காருக்கே நல்ல காசென்றால், பொம்பிளை மாப்பிள்ளை நின்று கைகாட்டிக்கொண்டு போகிற கொன்வேர்ட்டிபிளுக்கு எவ்வளவு கேட்கலாம்! ஆடிக் கச்சானில் பறக்கிற புழுதிக்குப் பொம்பிளையின் மேக்கப் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஆடியில யாரடா கலியாணம் வைக்கிறது?" என்றான். நியாயம்தான். அப்ப ஐப்பசி மழை? அதற்குப் பதில் வரவில்லை.

கார் புதுக்குடியிருப்பில், ஒரு ஐயா வீட்டு மாமரத்துக்குக் கீழே நின்றது. மொறிஸ் மைனர், பழைய காலத்து ஸ்ரீ எழுத்து நம்பர், சொன்ன விலை 9 லட்சம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய இரும்புக்கெல்லாம் விலை ஏறியது. 2025இல் திறந்துவிட்டார்கள், ஆனால் ஏறினதை இறக்க எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மனம் வரவில்லை. பின் சீற்றில் ஒரு கோழி அடை கிடந்தது. "அதைக் கிளப்பிப்போடாதேங்கோ தம்பி" என்றார் ஐயா. அந்தக் காரைப் பற்றி அவர் சொன்ன ஒரே எச்சரிக்கை அதுதான்.

கூட வந்த மெக்கானிக் அண்ணை, பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஆள். என்ஜினைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேர்ட் பொக்கற்றிலிருந்து பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்துத் துணியில் சுற்றிக் கதவின் மேல் வைத்தார். ஒட்டியது. கதவுக்குக் கீழ்ச் சட்டத்தில் வைத்தார். தொப்பென்று மண்ணில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது. இரும்பு இருந்தால்தானே ஒட்டும்! உக்கின இடமெல்லாம் பட்டி பூசிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்.

பிறகு ஜாக் போட்டுத் தூக்கினார். உடம்பு வளைந்ததில், திறந்திருந்த முன்கதவு திரும்பப் பூட்டவே மாட்டேன் என்றது. மைனருக்குப் பாரம் தாங்கத் தனியாக அடி எலும்புக்கூடு, அதாவது சேஸி, கிடையாது, உடம்புதான் எல்லாம். கூரை போனால் அது தாங்க வேண்டிய பாரத்தையும் இந்தச் சட்டமும் தரையும்தான் தாங்க வேண்டும் என்று விளக்கினார். இங்கே இரண்டும் பட்டி.

கடைசியில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரல்விட்டுக் கதவுகளை எண்ணினார்.

"ஐயா, கொம்பனி விட்ட மைனர் கொன்வேர்ட்டிபிளுக்கு ரெண்டு கதவுதான். உதுக்கு நாலு இருக்குது."

ஐயா மாங்காய்களைப் பார்க்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியோடு வந்த அம்மா, "புரெவிப் புயலுக்கு வேம்பு விழுந்து மேல் நசிஞ்சு போச்செல்லோ தம்பி, இவர்தான் அறுத்து எடுத்தவர்" என்றா. ஐயா அவவைப் பார்த்த பார்வையில் தேத்தண்ணி ஆறியிருக்கும்.

"அப்ப அறுத்த கூரை எங்க?"

அம்மா கையைக் காட்டினா. கோழிக்கூட்டின் மேல், அடித்து நிமிர்த்தின மைனர் கூரை!

அதற்குப் பிறகுதான் உண்மையான விலை பேச்சு. ஓடுகிற நாலு கதவு மைனரை எட்டு லட்சம் என்று வைத்தார் அண்ணை. சட்டம், தரைக்கு ஒன்றரை. கூரையைத் திரும்ப ஒட்டிப் பெயின்ற் அடிக்க ஒன்றரை. ரயர், பற்றறி, பிரேக், காபரேற்றர் எல்லாம் சேர்த்து இன்னொரு ஒன்றரை. கழற்றினால்தான் தெரியும் பழுதுகளுக்கு ஐம்பதாயிரம். மிச்சம் 3 லட்சம். மச்சானுக்கு மூன்று லட்சத்தை விடக் "கூரையைத் திரும்ப ஒட்டி" என்றதுதான் வலித்தது. "இல்லாட்டி மாப்பிள்ளையும் பொம்பிளையும் எழும்பி நிக்கேக்க கார் நடுவால மடியும்" என்றார் அண்ணை.

"கூரை வேற விலை" என்றார் ஐயா. மாமி அங்கே இருந்திருந்தால் மயங்கியிருப்பா.

இழுத்து இழுத்து 3,75,000க்கு வந்தது, கூரையோடு. கூட்டுக்கு மச்சான் புதுத் தகரம் போட்டுக் கொடுக்க வேண்டும், குஞ்சு பொரிக்கும்வரை கார் அசையக் கூடாது. கோழி அடைக்கு 21 நாள் என்பதால் அதில் பேரம் இல்லை. தகரத்தில்தான் இழுபறி: ஐயா பன்னிரண்டு அடி கேட்கிறார், மச்சான் எட்டு அடியில் நிற்கிறான். லட்சக்கணக்கில் இறங்கி வந்த மனுசன் நாலு அடித் தகரத்துக்கு இறங்க மாட்டாராம்.