இரத்மலானைக்கு மூன்று தரம் போன கதை

விமானப் பராமரிப்புப் பயிற்சிக்கு ஒருவழியாக இடம் கிடைத்துவிட்டது. முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து 101இல் இரத்மலானை. ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய அலுவலுக்கு மூன்று தரம் போனேன்.

முதல் தரம் நேர்முகப் பரீட்சை நடந்த பக்கமே போகவில்லை. பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றித் தந்தவர் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டார். அடையாள அட்டையில் அந்த எழுத்து இல்லை. கருமபீடத்தில் இருந்தவர் கோவையைத் திறந்தார், அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார், மூடித் தந்தார். இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்தவன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று. விதானையாரிடம் கடிதம் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க நான்கு நாள் அலைந்தேனே, அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் காசு கொடுக்கும் முன்னர், அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் தரம் தாள்கள் எல்லாம் சரி. நான்தான் பிழை.

கொட்டகையில் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஒன்று நின்றது. பரீட்சகர் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக்கொண்டு போக, நான் சொல்லிக்கொண்டு போனேன். உடல், இறக்கை, இஞ்சின், சில்லு எல்லாம் சுகமாகப் போனது. பெற்றோல் இறக்கைக்குள் இருக்கிறது, இறக்கை மேலே இருப்பதால் தானாகவே கீழே வடியும் என்றதற்குத் தலையாட்டினார். இடது இறக்கையின் கீழே ஒரு சின்னக் குழாய், அதற்குச் சிவப்பு உறை. பிட்டோ குழாய், வேகத்தை அளக்கக் காற்றை வாங்குவது. உறை எதற்கு என்று கேட்டார். ‘குளவி கூடு கட்டும்’ என்றேன். வீட்டுத் திறப்பு ஓட்டையையே விட்டுவைக்காத குளவி, இதை விடுமா? சிரித்துவிட்டார். அத்தோடு என் நல்ல காலம் முடிந்தது.

வாலில் நிமிர்ந்து நிற்கும் தட்டின் பின் விளிம்பைத் தொட்டார். றடர். சித்தப்பாவின் வள்ளத்தில் சுக்கான் பிடித்து வளர்ந்தவன் நான். ‘வள்ளத்தின் சுக்கான் மாதிரி, விமானத்தைத் திருப்புவது’ என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ‘அப்படியென்றால் இறக்கை நுனியில் இருக்கும் எயிலரோன் எதற்கு?’ பதில் இல்லை. பதறிப்போய் எயிலரோனையும் பிளாப்பையும் மாற்றிச் சொன்னேன். கடைசியாக ‘ஸ்டோல் என்றால் என்ன?’ என்றார். இஞ்சின் நின்றுபோவது என்றேன். புத்தகத்தை மூடிவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன். சின்ன வயதில் விமானம் என்றால் எங்களுக்குச் சத்தம்தான். சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடியவர்களில் வாலையும் இறக்கையையும் நிமிர்ந்து பார்த்தவர் யார்?

விளங்க வைத்தவன் மச்சான், மோட்டார் சைக்கிளில். ஓட்டத்தில் அது வளைவது சரிவதால்தானே? விமானமும் அப்படித்தான். இடப்பக்கம் திரும்ப, இடது எயிலரோன் மேலே, வலது கீழே. இடது இறக்கை சரியும், தூக்கும் விசையும் அந்தப் பக்கம் சாய்ந்து விமானத்தை இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரம் மூக்கு எதிர்ப்பக்கம் இழுபடாமல் நேராக்கிக் கொடுப்பதுதான் றடரின் வேலை. பிளாப் இறக்கையில் உடலை ஒட்டி இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாகவே இறங்கும். மெதுவாக வந்து தரையிறங்கும்போதும் இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையாமல் பார்த்துக்கொள்ளும்.

மிச்சத்தைச் சொல்லித் தந்தது கொப்பித்தாள். கடதாசி விமானம் ஒன்று செய்து பின் விளிம்பில் இரண்டு இடத்தில் கிழித்து, இரண்டையும் கொஞ்சம் மேலே மடித்தேன். வால் அமுங்க, மூக்கு நிமிர்ந்தது. வாலில் படுத்திருக்கும் தட்டின் பின் விளிம்பில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேற்றர் செய்வதும் இதுதான்! இன்னும் கூட மடித்து விறாந்தையில் எறிந்தேன். விறுவிறென்று ஏறியது, அந்தரத்தில் ஒரு கணம் நின்றது, பொத்தென்று விழுந்தது. அதுதான் ஸ்டோல். காற்று வரும் திசைக்கு இறக்கை அளவுக்கு மீறி நிமிர்ந்தால், ஏறக்குறைய 15 பாகைக்கு மேலே, காற்று இறக்கையின் முதுகை விட்டுப் பிரிந்துவிடும். நிற்பதற்கு இந்த விமானத்தில் இஞ்சின் எங்கே இருக்கிறது!

மூன்றாம் தரம் அதே பரீட்சகர், அதே கேள்வி. ‘ஐயா, ஒரு தாள் தருவீர்களா?’ என்றேன். அவர் மேசைக்கு மேலாக எறிந்து காட்டினேன். குனிந்து பொறுக்கி, மடிப்பைக் கொஞ்சம் தளர்த்தி, அவரும் ஒரு தரம் எறிந்து பார்த்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.

தாளைக் கொண்டு கருமபீடத்துக்கு ஓடினேன். அதே ஆள். கோவையைத் திறந்தார், விரலால் எண்ணினார். புகைப்படம் நான்கு வேண்டுமாம், என்னிடம் இரண்டுதான். நல்ல காலம், சந்தியில் ஸ்டூடியோ திறந்திருந்தது.