மீன் தொட்டியின் கசடு எந்த வழியாக வெளியேறும்?

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் 10 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது. தண்ணீர் இரண்டரை அடி உயரத்துக்கு நிற்கும். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 4,250 லிட்டர். கோல்டுஃபிஷ்களையும், கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கப்பி மீன்களையும் அதில் வளர்க்கிறோம்.

முதலில் நான் வாங்கியது ஸ்பாஞ்சு அடுக்குகள் கொண்ட ஒரு பெட்டி வடிகட்டி. நான்கே நாளில் அது அடைத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்வெல்லின் உப்புத் தண்ணீரை விட நல்ல தண்ணீரில் கழுவுவதே மீன்களுக்கு நல்லது என்று நம்பி, ஸ்பாஞ்சுகளைச் சிறுவாணிக் குடிநீர்க் குழாயடியில் வைத்து, வெள்ளையாகும் வரை பிழிந்து கழுவினேன். மூன்றாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்று மாலைக்குள் நான்கு மீன்கள் இறந்துவிட்டன.

காரணம் பிறகுதான் விளங்கியது. மீன்களின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டோ செடிக்கு உரம். ஸ்பாஞ்சின் துளைகளில் குடியிருந்த அந்த பாக்டீரியாக்களைத்தான் குழாய்த் தண்ணீரின் குளோரினால் நான் கொன்றிருந்தேன். அவை மீண்டும் பெருக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகலாம். போதாக்குறைக்கு, தொட்டியை நிரப்பும் எங்கள் போர்வெல் தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8-ஐத் தாண்டும். பிஎச் ஓர் அலகு ஏறினால் அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும்.

ஆகவே வடிகட்டி வாங்கும்போது எத்தனை லிட்டருக்கானது என்று கேட்பதோடு நிற்காமல், அதில் சேரும் கசடு எந்த வழியாக வெளியேறும் என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கசடு தங்குவதும் பாக்டீரியா வாழ்வதும் ஒரே ஸ்பாஞ்சில் என்றால், கழுவும் ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்று கெடும்.

இப்போது இரண்டையும் பிரித்துவிட்டேன். தொட்டியை ஒட்டி, தரைமட்டத்தில், 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வைத்து, இரண்டையும் 3 அங்குல பிவிசி குழாயால் இணைத்திருக்கிறேன். தொட்டி நீர் தானாகவே டிரம்முக்குள் வந்து வேகம் தணிவதால் கசடு அடியில் படிகிறது. டிரம்மின் பாதி உயரத்தில் தொங்கும் பம்பு, மேலே தெளிந்த நீரைப் பக்கத்தில் உயரமாகக் கட்டிய செடிப் பாத்திக்கு ஏற்றுகிறது. பாத்தி 5 அடிக்கு 3 அடி, அதாவது தொட்டியின் பரப்பில் கால் பங்கு. அதன் அடியில் துளையிட்ட குழாய்கள், அவற்றின் மேல் முக்கால் அங்குல ஜல்லி, அதற்கும் மேல் பொடி ஜல்லி. நீர் கீழிருந்து மேலாக ஜல்லியின் இடுக்குகளில் ஊறி ஏறி, கல்வாழை, வசம்பு வேர்களைக் கடந்து, மீண்டும் தொட்டியில் விழுகிறது. பாக்டீரியா ஜல்லியில் வாழ்கிறது. நைட்ரேட்டைச் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. சுண்ணாம்புக் கல்லைத் தவிர்த்துக் கருங்கல் ஜல்லியையே போடுங்கள். சுண்ணாம்புக் கல் பிஎச்சை உயர்த்தும்.

தண்ணீர் பாசியால் பச்சையானால் யூவி (புற ஊதா) விளக்கு உதவும், ஆனால் அம்மோனியாவை அது தொடாது. ஆண்டுக்கொரு முறை குழலையும் மாற்ற வேண்டும். வேம்பின் நிழல் விழுவதால் எனக்கு அது தேவைப்படவில்லை.

பம்பு 40 வாட். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதக் கணக்கில் 58 யூனிட் வரும். மிச்சம் பிடிக்க நினைத்து இரவில் நிறுத்திவிடாதீர்கள். ஓட்டம் நின்றால் ஜல்லிக்குள் பிராணவாயு தீர்ந்து பாக்டீரியா மடியத் தொடங்கும்.

மற்றபடி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை பம்பை நிறுத்தி, இணைப்புக் குழாயை அடைத்து, டிரம்மின் அடி வால்வைத் திறந்தால், கரும்பழுப்பாகக் கசடு தென்னம்பாத்திக்குப் பாயும். தண்ணீர் தெளிந்து வரும் வரை நின்று பார்த்து வால்வை மூடுவேன். அதிகம் போனால் பத்து நிமிட வேலை.